பேச்சில் விளைந்த பேர்கள்

(கோவில்பட்டியில் வாசகர்கள் முன் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வெளியூர்க்காரர் ஒருவர் ரயிலில் நம் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த ஊர் என்று கேட்டால், கோவில்பட்டி என்று சொன்ன கையோடு கடலைமிட்டாயையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். 2020இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அந்தக் குரல் இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. அடுத்தது தீப்பெட்டி. அதற்கடுத்தது ஹாக்கி. கேட்டவர் புத்தகம் வாசிக்கிற ஆளாக இருந்துவிட்டால் நமக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றும். "இடைசெவல் தெரியுமா? இங்கேயிருந்து கயத்தாறு போற வழிதான். அந்த ஒரு கிராமத்துல ரெண்டு பேரு சாகித்ய அகாதெமி பரிசு வாங்கியிருக்காங்க" என்று ஆரம்பிப்போம். அதன் பிறகு அவர் இறங்கும் ஊர் வரைக்கும் நம் பேச்சு ஓயாது.

அந்தப் பேச்சைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். அது நல்ல பேச்சு. ஒரு ஊருக்குத் தன் மனிதர்கள் மேல் பெருமிதம் இருக்க வேண்டும். ஆனால் அந்தப் பெருமிதத்தில் ஒரு பாதி விடுபட்டுப் போகிறது என்று எனக்குப் படுகிறது. நம்மவர்களைப் பற்றி நாம் பேசுகிறோம். அவர்கள் பேர் வாங்குவதற்கு முன்னால் இந்த ஊர் அவர்களோடு பேசியதே, அதை யாரும் சொல்வதில்லை. அவர்கள் விளைந்தது அந்தப் பேச்சில்தான்.

இடைசெவலிலிருந்தே தொடங்குகிறேன். கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் ஏறத்தாழ ஒரே வயதுக்காரர்கள். ஒரே ஊர்ப் புழுதியில் விளையாடியவர்கள். இருவர் வீட்டிலும் தெலுங்கு பேசுவார்கள். இருவரும் எழுதியது தமிழ். அழகிரிசாமி இளவயதிலேயே சென்னைக்குப் போனார், பத்திரிகை அலுவலகங்களில் வேலை பார்த்தார், அங்கிருந்து மலாயாவுக்குப் போய் 1952 முதல் 1957 வரை 'தமிழ் நேச'னில் ஆசிரியர் குழுவில் இருந்தார். ராஜநாராயணன் ஊரிலேயே இருந்தார். சம்சாரி வீட்டுப் பிள்ளை, உடம்புக்கு முடியாமல் கிடந்தவர், பள்ளிப் படிப்பை முடிக்காதவர், விவசாயிகள் போராட்டத்தில் இறங்கிச் சிறைக்குப் போனவர்.

அவருடைய முதல் கதையான 'மாயமான்' 'சரஸ்வதி' இதழில் வந்தது 1958இல். அப்போது அவருக்கு முப்பதுக்கு மேல் நன்றாகவே ஆகியிருந்தது. அதுவரைக்கும் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? கேட்டுக்கொண்டிருந்தார். வேப்பமரத்தடியிலும் சாவடியிலும் கம்மாய்க் கரையிலும் சம்சாரிகள் பேசுவதை உட்கார்ந்து கேட்டார். மழை வராத வருசத்தில் ஒருவர் வானத்தைப் பார்த்து எப்படித் திட்டுவார், வட்டிக்காரனைக் கண்டதும் எந்தச் சந்தில் திரும்புவார், பெண் பார்க்கப் போன வீட்டில் எதைச் சாப்பிட்டுவிட்டு எதை வைத்துவிட்டு எழுந்தார் என்பதையெல்லாம் அந்தப் பேச்சு வைத்திருந்தது. முப்பது வருசம் காது கொடுத்தவர் பேனாவை எடுத்ததும் 'கதவு' வந்தது, 'கிடை' வந்தது, 1976இல் 'கோபல்ல கிராமம்' வந்தது. அந்த நாவலில் ஒரு பாட்டி உட்கார்ந்து கதை சொல்ல, ஒரு ஊரே சுற்றியிருந்து கேட்கும். தெலுங்கு தேசத்திலிருந்து தப்பி வந்த ஒரு கூட்டம் காட்டைத் திருத்தி ஊராக்கிய கதை. நாவலின் வடிவத்துக்காக அவர் வேறெங்கும் போய்த் தேடவில்லை. நம் வீட்டுத் திண்ணையிலேயே அது இருந்தது.

அதற்கடுத்த 'கோபல்லபுரத்து மக்க'ளுக்கு 1991இல் சாகித்ய அகாதெமி பரிசு கிடைத்தது. அதற்கு இருபத்தொரு வருசம் முன்பே, 1970இல், அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' தொகுப்புக்கு அதே பரிசு கிடைத்துவிட்டது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை. அந்த ஆண்டு ஜூலையில், நாற்பத்தாறு வயதில் அவர் காலமாகியிருந்தார்.

இந்த இருவருக்கும் நடுவில் நடந்தது என்ன என்று தெரிந்துகொள்ள ஒரு புத்தகம் இருக்கிறது. அழகிரிசாமி ராஜநாராயணனுக்கு எழுதிய கடிதங்களின் தொகுப்பு. வாசித்துப் பாருங்கள். எதிரே உட்கார்ந்து பேசுவதுபோலவே இருக்கும். ஊரை விட்டுப் போனவர் ஊர்ப் பேச்சை விடவில்லை. ஊரில் இருந்தவர் அந்தக் கடிதங்களைக் கிழித்துப் போடவில்லை, பத்திரப்படுத்தினார். ஒருவர் இல்லாமல் இன்னொருவர் இந்த அளவுக்கு வந்திருப்பாரா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். வந்திருக்க மாட்டார் என்றுதான் தோன்றுகிறது. ஒரு கிராமத்தில் ஒரே ஒரு பிள்ளை வாசிக்கத் தொடங்கினால் அது அந்தப் பிள்ளையின் தனிமை. இரண்டு பேர் வாசித்துப் பேசத் தொடங்கிவிட்டால் அங்கே ஒரு பள்ளிக்கூடம் உண்டாகிவிடுகிறது.

அவர்களுக்கும் பேசுவதற்கு மூத்தவர்கள் இருந்தார்கள். திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே.சி.யின் வீட்டில் 'வட்டத்தொட்டி' கூடியது. கம்பனில் ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு மணிக்கணக்காக ரசித்துப் பேசுவதுதான் அங்கே நடந்த காரியம். பிறகு குற்றாலத்தில் அவர் வீடே வருகிறவர்களுக்கெல்லாம் திறந்து கிடந்தது. நம் இரண்டு இளைஞர்களும் அவரிடம் போயிருக்கிறார்கள். இந்தப் பக்கம் விளாத்திகுளம் சுவாமிகள் இருந்தார். கீர்த்தனை, சாகித்யம் என்று போகாமல் ராகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பாடிக்கொண்டே போகிறவர். சபாக்களின் பட்டியலில் அவர் பேரை அதிகம் காண முடியாது. நம் வட்டாரத்து வாய்ப்பேச்சில்தான் அவர் இத்தனை வருசம் வாழ்ந்தார்.

சங்கீதம் என்று வந்தபின் காருகுறிச்சியைச் சொல்லாமல் இந்த ஊரில் யாரும் மேடையை விட்டு இறங்க முடியாது. காருகுறிச்சி அருணாசலம் பிறந்தது சேரன்மாதேவிக்குப் பக்கத்துக் காருகுறிச்சியில், 1921இல். நாயனத்தில் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். வாழ வந்தது கோவில்பட்டிக்கு. 1962இல் 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் நாயனம் ஆபேரியில் போட்டி போட்டதைத் தமிழ் தெரிந்த எல்லோரும் கேட்டிருப்பார்கள். அதற்கு இரண்டு வருசம் கழித்து, 1964இல், நாற்பத்து மூன்றாவது வயதிலேயே போய்விட்டார். இன்றைக்கு அவரைக் காருகுறிச்சிக்காரர்கள் தங்கள் ஆள் என்கிறார்கள், நாம் நம் ஆள் என்கிறோம். இதில் சண்டைக்கு என்ன இருக்கிறது? மனிதர்களுக்குப் பட்டா கிடையாது. கி.ரா. என்று நாம் சொல்லும் ராஜநாராயணனும் கடைசி முப்பது வருசத்தைப் புதுச்சேரியில்தான் கழித்தார். 1989இல் புதுவைப் பல்கலைக்கழகம் அவரை வருகைதரு பேராசிரியராக அழைத்தது. பள்ளிக்கூடத்தை முடிக்காத ஒருவரைப் பல்கலைக்கழகம் நாற்காலி போட்டு உட்காரவைத்ததற்கு நாம் அந்த ஊருக்கு நன்றி சொல்ல வேண்டும். 2021 மே மாதம் அங்கேதான் அவர் உயிர் பிரிந்தது. பிறகு இடைசெவலில், அரசு மரியாதையோடு, நம் கரிசல் மண் அவரை வாங்கிக்கொண்டது.

ஒரு பெரியவர் இடைசெவல் பக்கத்து டீக்கடையில் என்னிடம் சொன்னதை இங்கே சொல்ல வேண்டும். பேச்சு வழக்கம்போல் கி.ரா. பக்கம் திரும்பியது. "அண்ணாச்சி, அவரு எழுதினதுல பாதி எங்க ஐயா சொன்ன கதை. எங்க ஐயாவுக்கு எழுதத் தெரியாது, அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு" என்றார். குரலில் குறையும் இல்லை, கோபமும் இல்லை. தன் தகப்பனாரை அந்தப் புத்தகத்துக்குள் கண்டுகொண்ட சந்தோஷம் மட்டும் இருந்தது. நான் ஊர்ப் பெருமை என்று சொல்வது இதைத்தான். 'அவர் எங்கள் ஊர்க்காரர்' என்பதற்கும் 'அவர் எழுத்தில் எங்கள் ஐயா இருக்கிறார்' என்பதற்கும் நடுவில் ரொம்ப தூரம் இருக்கிறது.

அந்தப் பெரியவர் சொன்னதை கி.ரா.வே மறுத்திருக்க மாட்டார். 1982இல் அவர் கரிசல் வட்டார வழக்குக்கு ஒரு சொல்லகராதி கொண்டுவந்தார். தமிழில் ஒரு வட்டாரத்துப் பேச்சுக்காக இப்படி ஒரு அகராதி அதற்கு முன்பு வந்ததில்லை. பிறகு நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டினார். அந்தச் சொற்களும் கதைகளும் எங்கேயிருந்து வந்தன? பருத்தி எடுக்கிற பெண்களிடமிருந்து. களை எடுக்கும்போது நிரை பிடித்துக்கொண்டு ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் 'உம்' கொட்டிக் கேட்ட கதைகள். ஆடு மேய்க்கிறவர்களிடமிருந்து. பேரப்பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிய பாட்டிமார்களிடமிருந்து. அந்தப் பெண்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. நம் ஊர்ப் புகழ்பெற்றவர்களின் பட்டியலைச் சொல்லும்போதெல்லாம் ஆண்களின் பெயர்களாகவே வந்து விழுகின்றனவே, அதற்கு இது ஒரு காரணம். பேசியவர்களை விட்டுவிட்டு எழுதியவர்களை மட்டும் எண்ணுகிறோம்.

இப்போது அழகிரிசாமியின் ஒரு கதைக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். 'ராஜா வந்திருக்கிறார்.' பிள்ளைகள் சில பேர் பாடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, உன் பக்கத்தில் என்ன படம், என் பக்கத்தில் என்ன படம் என்று போட்டி போடுகிறார்கள். போட்டி மெல்ல வீட்டுப் பெருமைக்குத் திரும்புகிறது. எங்கள் வீட்டில் அது இருக்கிறது, உங்கள் வீட்டில் இருக்கிறதா? பணக்கார வீட்டுப் பையனிடம் எல்லாம் இருக்கிறது. ஏழை வீட்டுப் பெண்ணிடம் சொல்ல ஒன்றுமில்லை. தீபாவளிக்கு முதல் நாள் அந்த ஏழை வீட்டு வாசலுக்கு உடம்பெல்லாம் புண்ணாகிப்போன ஓர் அநாதைப் பையன் வந்து சேர்கிறான். அந்த வீட்டுத் தாய் தன் பிள்ளைகளுக்கே போதாத இடத்தில் அவனுக்கும் இடம் கொடுக்கிறாள், குளிப்பாட்டி, துணி கொடுக்கிறாள். பையனின் பெயர் ராஜா. அன்றைக்குப் பணக்கார வீட்டுக்கு மாப்பிள்ளையாக ஒரு ராஜா வந்திருக்கிறார். அந்தப் பணக்கார வீட்டுப் பையன் பெருமை பேசும்போது, இந்தச் சிறுமிக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. தங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறான் என்கிறாள். அவள் பொய் சொல்லவில்லை.

ஊர்ப் பெருமை என்ற விஷயத்தில் எனக்குத் தெரிந்து இதைவிட ஆழமாக யாரும் போனதில்லை. பெருமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்டால், நாம் யாருக்கு இடம் கொடுத்தோம் என்று அந்தக் கதை திருப்பிக் கேட்கிறது. இதை எழுதியவர் நம் ஊர்ப் பிள்ளை. இந்த மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் எத்தனை மாணவர்கள் இந்தக் கதையை வாசித்திருக்கிறீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. வாசிக்கக் கொடுக்க வேண்டியது எங்கள் வேலை. கி.ரா.வுக்கு 2022 டிசம்பரில் இந்த ஊரில் மணிமண்டபம் திறக்கப்பட்டது. மனம் நிறைந்த காரியம். அழகிரிசாமிக்கு நாம் செய்தது அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. சின்ன வயதில் போய்விட்டவர், வெளியூரில் இருந்தவர், பேசிப் பேசித் தன்னை நினைவூட்ட நீண்ட ஆயுள் வாய்க்காதவர். அவருக்காகப் பேச வேண்டியது நாம்தான்.

அவர் எழுதிய 'குமாரபுரம் ஸ்டேஷ'னையும் மறக்கக் கூடாது. கோவில்பட்டிக்கும் கடம்பூருக்கும் நடுவே இருக்கிற அந்தச் சின்ன ஸ்டேஷனை ஒரு பொருட்டாகவே யாரும் நினைக்க மாட்டார்கள். காட்டுக்கு நடுவில், ஆள் ஏறாத, இறங்காத இடம். அங்கிருந்து கோவில்பட்டிப் பள்ளிக்கூடத்துக்காக ரயிலேறும் கிராமத்துப் பையன்களையும், ரயில் பெட்டியில் முன்பின் தெரியாத மனிதர்கள் பேசிக்கொள்ளும் பேச்சையும் வைத்து, அந்த ஸ்டேஷனை உலகத்திலேயே முக்கியமான இடமாக ஆக்கிவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் வாய் திறந்து பேசுகிறவர்கள் இருந்தால்தான் அப்படி ஒரு கதை பிறக்கும்.

இந்தப் பேச்சு அவர்களோடு முடியவில்லை. அடுத்த தலைமுறை இளைஞர்கள் இதே கோவில்பட்டியில், காந்தி மைதானத்தில், தெருக்களில், ஒரு நகைக்கடையில் என்று கூடிக் கூடிப் பேசினார்கள். நகைக்கடை என்று சொன்னதும் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும், கவிஞர் தேவதச்சன். ச. தமிழ்ச்செல்வன் எழுதிய 'வெயிலோடு போய்' 2008இல் 'பூ' என்ற படமானது. ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே எழுதிய உதயசங்கருக்கு 2023இல் குழந்தை இலக்கியத்துக்கான சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. பக்கத்துக் கிராமத்துப் பூமணி 'அஞ்ஞாடி'க்காக 2014இலும், உருளைக்குடி சோ. தர்மன் 'சூல்' நாவலுக்காக 2019இலும் அகாதெமி பரிசு பெற்றார்கள். தர்மன் பஞ்சாலையில் வேலை பார்த்தவர். ஒரு கம்மாயைச் சுற்றி ஒரு ஊர் எப்படிக் கூடி வாழ்ந்தது, எப்படி அதை இழந்தது என்பதுதான் 'சூல்'. வில்லிசைக் கலைஞர் பிச்சைக்குட்டியைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதியிருக்கிறார். தனக்கு முன்னே பாடிப்போனவனுக்குப் பின்னே வந்தவன் செய்யும் மரியாதை அது.

குழந்தை இலக்கிய விருதைச் சேர்க்காமலே, இத்தனை சின்ன வட்டாரத்தில் நாலு சாகித்ய அகாதெமி பரிசுகள். தண்ணியில்லாத காடு, வேலை கேட்டுப் பிள்ளைகள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போன காடு. எப்படி என்று வெளியூர் நண்பர்கள் கேட்கிறார்கள். மண்வாகு என்று சொல்லிவிட்டால் நமக்கும் வேலை மிச்சம். ஆனால் மண் மட்டும் காரணமென்றால் கரிசல் மண் உள்ள எல்லா ஊரிலும் விளைந்திருக்க வேண்டும். இங்கே ஒருவருக்கு ஒருவர் பேசக் கிடைத்தார்கள். மூத்தவர் இளையவருக்குப் புத்தகம் கொடுத்தார், இளையவர் கேட்ட கேள்விக்கு நின்று பதில் சொன்னார். பூமணிக்கு முன்னால் கி.ரா. இருந்தார். கி.ரா.வுக்கு முன்னால் டி.கே.சி. இருந்தார்.

பக்கத்து எட்டயபுரத்தைப் பாருங்கள். அந்தச் சின்ன ஊரில் சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கியிருக்கிறார். 1835இல் முத்துசுவாமி தீட்சிதர் உயிர் நீத்ததும் அங்கேதான். 1904இல் சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' அச்சானதும் அங்கேதான். 1882இல் பாரதி பிறந்ததும் அங்கேதான். ஓர் இஸ்லாமியப் புலவர், தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வாக்கேயக்காரர், தேசத்துக்கே கவியான ஒரு பிள்ளை. யாரை யார் ஊர்க்காரர் என்று பிரிப்பது?

இங்கே ஒரு வருத்தத்தைச் சொல்லத்தான் வேண்டும். ஊர்ப் பெருமை என்று தொடங்குவது நம் பக்கத்தில் சீக்கிரம் சாதிப் பெருமையாகச் சுருங்கிவிடுகிறது. ஒருவருடைய படத்தை ஒரு தெருக்காரர்கள் மட்டும் மாட்டுகிறார்கள், அடுத்த தெரு அதைப் பார்க்காமல் போகிறது. விளம்பரத் தட்டியில் யார் படம் பெரியது என்று தகராறு வருகிறது. எழுத்தாளன் எல்லாத் தெருவிலும் காது கொடுத்துத்தான் எழுதினான். அவனை ஒரு தெருவுக்குள் பூட்டி வைப்பது அவனை வாசிக்காதவர்கள் செய்கிற வேலை. வாசித்தவன் செய்ய மாட்டான்.

இன்னொன்று, பேச்சே இப்போது குறைந்துகொண்டிருக்கிறது. சாவடிகள் இடிந்துவிட்டன, திண்ணை வைத்து யாரும் வீடு கட்டுவதில்லை. டீக்கடையில் நாலு பேர் உட்கார்ந்தால் நாலு பேரும் கைப்பேசியைப் பார்க்கிறார்கள். இளைஞர்களைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசப் பெரியவர்கள் எத்தனை பேர் தயாராக இருக்கிறோம்? பையன் ஒருவன் "கி.ரா.ன்னா யாரு?" என்று கேட்டால் "இதுகூடத் தெரியாதா" என்று முகம் சுளிக்கிறோம். கேட்டவனை உட்காரவைத்து 'கதவு' கதையைச் சொல்ல வேண்டும். வரிபாக்கிக்காகக் கழற்றிக்கொண்டு போன கதவை, அந்த வீட்டுப் பிள்ளைகள் தேடிக் கண்டுபிடித்துக் கட்டிக்கொண்டதைச் சொன்னால், அந்தப் பையன் அடுத்த வாரம் புத்தகத்தைக் கேட்டு வருவான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். காருகுறிச்சியார் 1964இல் போனார். அப்போது பத்து வயதில் அவர் வாசிப்பை நேரில் கேட்டவர்களுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. கி.ரா.வோடு விவசாயச் சங்கத்தில் நின்றவர்களின் பிள்ளைகளும் தலை நரைத்துவிட்டார்கள். காருகுறிச்சியார் எந்தக் கோயில் கொடையில் எந்த ராகத்தை விடிய விடிய வாசித்தார், கி.ரா. யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என்ன கதை கேட்டார், அதைச் சொன்ன பாட்டியின் பெயர் என்ன? இவற்றில் பெரும்பாலானவை எங்கேயும் எழுதப்படவில்லை. இன்னும் பத்து வருசம் போனால் சொல்ல ஆளிருக்காது.

இந்த அரங்கின் வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். வீட்டில் அப்படிப்பட்ட பெரியவர்கள் இருப்பவர்கள் அவர்கள் பெயரையும் தெருவையும் எழுதிவிட்டுப் போங்கள். பாட்டிமார்களின் பெயரை முதலில் எழுதுங்கள். மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டிரண்டு பேராக வீட்டுக்கு வருவார்கள். அவர்களிடம் பதிவு செய்யும் கருவி இருக்கும். ஒரு டம்ளர் காப்பி கொடுத்து, அவசரப்படாமல் பேசுங்கள்.